ஒருதரம் என்றால் ஓம்

கொட்டாஞ்சேனையில் துறைமுக மதிலோடு ஒட்டிப்போகும் ஒழுங்கையின் கடைசியில் ஒரு தகரக் கூரை ஸ்டோர் இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் சாமானை எடுத்து லொறியில் ஏற்றிவிடுகிற ஒரு கொம்பனிக்குச் சொந்தமானது. கொம்பனியின் கந்தோர் ஊரின் மற்ற முனையில், வெள்ளவத்தையில். ஸ்டோரில் இராமர் மட்டும்தான். லொறி வந்தால் கூலிகள் நாலு பேர் வருவார்கள், ஏற்றுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் பெட்டிகளும் இவரும்தான்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த மனிதர். மனைவி பழனியம்மா ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்த குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். அதற்குப் பிறகு கொழும்புக்கு இறங்கி, முதுகு தாங்கும்வரை மூட்டை தூக்கி, முதுகு தாங்காமல் போனபோது இந்த ஸ்டோரில் ஒதுங்கினார். தமிழ் எழுத்தே நாற்பது தாண்டித்தான் படித்தார். இங்கிலீஷ் எழுத்துப் பெட்டிகளின் மேல் அடித்திருக்கும் பெயர்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. எழுத்து வரும், பாஷை வராது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. சண்டை வடக்கில் நடந்தது, சோதனை கொழும்பில் நடந்தது. எந்த லொறிக்கு எந்தப் பெட்டியைக் கொடுக்கலாம் என்கிற கடுதாசியை வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆள் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். வழியில் எத்தனை இடத்தில் இறக்கி விசாரிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடுதாசி வரும்வரை லொறி வாசலில் நிற்கும், டிரைவர் இராமரைத் திட்டிக்கொண்டு நிற்பான். ஸ்டோருக்கு ரெலிபோனும் இல்லை. கேட்டுக் கேட்டு மனேஜர் கொன்ஸ்ரன்ரைனுக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியில் கொம்பியூட்டருக்கு என்று கேட்டபோது ஒரு கம்பி கிடைத்தது. அந்தக் கம்பியில் மனிதர் பேச முடியாது. வெள்ளவத்தையில் இருக்கும் யுனிக்ஸ் கொம்பியூட்டர் சொல்வதை ஸ்டோரில் ஒரு பிரின்டர் அச்சடித்துத் தரும், அவ்வளவுதான்.

அதைப் பூட்டவந்தவர் ஹியூபேட். கொட்டாஞ்சேனைக் கோயிலடிப் பிள்ளை, யுனிக்ஸ் தெரிந்தவர் என்று கந்தோரில் பெயர். பிரின்டரை ஒரு பெட்டியின் மேல் ஏற்றி வைத்தார். அதன் முதுகில் கையளவு கறுப்பு டப்பா ஒன்றை இணைத்தார். வீட்டுக்கு இலக்கம் இருக்கிற மாதிரி இந்த டப்பாவுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது, அந்த இலக்கத்தைத் தேடித்தான் வெள்ளவத்தையிலிருந்து எழுத்து வரும் என்று விளங்கப்படுத்தினார்.

"அண்ணே, இது ஒரு மாதிரி ஊமை. அங்கேருந்து சொல்றதக் கேக்கும், இங்கேருந்து ஒண்டும் கதைக்காது."

"அப்ப நம்ம சாதி தாங்க சேர்," என்றார் இராமர். ஹியூபேட் சிரித்ததில் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டளைகளை வெள்ளவத்தையில் உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும். கடுதாசி வருவதோ கொட்டாஞ்சேனையில். அடித்துவிட்டு வந்து பார்த்து, பிழை என்றால் திரும்பப் போய் அடித்து என்று செக்பொயின்ற் செக்பொயின்றாக அலைந்தால் ஒரு கிழமை போய்விடும். அதனால் ஹியூபேட் இராமரைத் தன் கண்ணாக வைத்துவிட்டுப் போனார். பிரின்டரில் ஒரு பொத்தான் இருந்தது. அமர்த்தினால் பச்சை லைட் நூரும், திரும்ப அமர்த்தினால் எரியும். நூர்ந்தால் அது வெள்ளவத்தையில் ஸ்கிரீனில் தெரியும்படி ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருந்தார். கடுதாசி சரியாக வந்தால் ஒருதரம் நூர்த்து, மெல்லப் பத்து எண்ணிவிட்டு எரியவிட வேண்டும். பிழையாக வந்தால் அப்படியே இரண்டுதரம்.

அன்று பின்னேரம் முதல் கடுதாசி வந்தது. முதல் வரி நேராக இருந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. மூன்றாவது அதற்கும் அப்பால். எழுத்தெல்லாம் படியிறங்கிப் போய் வலது ஓரத்தில் விழுந்துவிட்டன. இராமர் இரண்டுதரம் அமர்த்தினார். இன்னொன்று வந்தது, அதுவும் படி. இரண்டுதரம். அடுத்ததில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கறுப்பு. அதற்கும் இரண்டுதரம். பொழுது சாயும் நேரத்தில் எல்லா வரியும் இடது ஓரத்தில் வரிசை பிடித்து நின்ற ஒரு கடுதாசி வந்தது. இராமர் ஒருதரம் அமர்த்திவிட்டு, பச்சை லைட் திரும்ப எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரின் மற்ற முனையில் ஒருவர் தன் பதிலுக்காகக் காத்திருந்தார் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. கடைசியாக யார் அப்படிக் காத்திருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை.

ஹியூபேட் வேறு கந்தோருக்கு வேறு பிரின்டர் பூட்டப் போய்விட்டார். வெள்ளவத்தையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சரோஜினிதேவி என்கிற கிளாக். லொறி வருமுன் காலையில் ஒரு கடுதாசி அனுப்பிச் சோதிப்பது அவருடைய வேலை. முதல் சில நாள் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகொரு காலை, இங்கிலீஷ் எழுத்தில் நீளமாக ஒரு வரி. இராமர் பெட்டிப் பெயரை வாசிப்பதுபோல எழுத்துக்கூட்டிப் பார்த்தார். வாயில் வந்தது தமிழ்.

"ராமர் அண்ணை, நான் சரோஜினி. எழுத்துத் தெளிவாய் இருக்கோ?"

ஒருதரம் அமர்த்தினார்.

அப்படித்தான் தொடங்கியது. அங்கை மழையோ, லொறிக்காரர் இண்டைக்கும் கத்தினவையோ, தேத்தண்ணி குடிச்சிட்டியளோ என்று சோதனைக் கடுதாசியின் அடியில் ஒரு வரி இருக்கும். ஓம், இல்லை இரண்டில் ஒன்று சொல்லக்கூடியதை மட்டும் அவர் கேட்க முடியும். இராமர் ஒன்றுமே கேட்க முடியாது. இது சரோஜினிதேவிக்கே ஒரு கட்டத்தில் அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். இராமருக்காகக் கேள்வியையும் அவரே எழுதினார். "நீங்கள் கேப்பியள், உனக்கு ஊர் எது எண்டு. சண்டிலிப்பாய். கேப்பியள், ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டு. அதுக்கு இந்தப் பேப்பர் காணாது."

இராமர் தனியே நின்று சத்தமாகச் சிரித்தார். சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தபோது வெட்கமாக இருந்தது.

துண்டு துண்டாக அவருக்கு விஷயம் தெரியவந்தது. இடம்பெயர்ந்து, வன்னி சுற்றிக் கொழும்பு வந்தவர். அண்ணன்மார் கனடாவில். கூப்பிடுகிறோம் என்கிறார்கள், கூப்பிடவில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். பொலிஸில் பதிந்த துண்டு இல்லாமல் கடலைப் பார்க்கக்கூடப் போவதில்லை. இராமர் ஒவ்வொரு கடுதாசியையும் வாசித்ததும் தேத்தண்ணி அடுப்பில் வைத்துவிடுவார். சோதனைக்கு வருகிறவன் கையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் கிடைத்தால் அவன் என்ன நினைப்பான் என்று சொல்ல முடியாது. எரிந்து முடிந்தபிறகும் வரி மனதில் நிற்கும், அது போதும்.

அந்த வருஷ முடிவில் துறைமுகப் பாஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு எல்லோருடைய அடையாள அட்டையையும் கந்தோரில் கேட்டார்கள். மற்றக் கூலிகள் கொடுக்கப் பயந்து, பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். இராமர் அட்டையையே கழற்றிக் கொடுத்தார். ஸ்டோரை விட்டு நான் எங்கே போகப்போகிறேன், என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு டிரைவர் ஜயசேன தலையில் அடித்துக்கொண்டான்.

தேடி வந்தார்கள்.

ஒரு புதன்கிழமை விடிய, ஒலிபெருக்கி கேட்டது. யாரும் வெளியே இறங்கக் கூடாது, அட்டையோடு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சிங்களத்திலும் உடைந்த தமிழிலும் சொல்லிக்கொண்டு ஜீப் போனது. இராமர் கதவிடுக்கால் பார்த்தார். ஒழுங்கை வாயில் பஸ் ஒன்று நின்றது. இராணுவம் அந்தப் பக்கத்து முதல் வீட்டில் தொடங்கியிருந்தது. அட்டை இல்லாதவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அட்டை இருந்த சிலரும் ஏறினார்கள்.

கையில் ஒன்றும் இல்லை. ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இல்லை. இருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். கந்தோர் திறக்கும் நேரம்வரை பொறுத்திருந்துவிட்டு இராமர் லைட்டை நூர்ப்பதும் எரிப்பதுமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் பிரின்டர் உறுமிக் கடுதாசி தள்ளியது.

"பேப்பர் முடிஞ்சுதோ?"

இரண்டுதரம்.

"லொறி வரேல்லையோ?"

இதற்கு என்ன சொல்வது? லொறி வரவில்லைதான். வராத காரணம் வேறு. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஒருதரம் அமர்த்தினார். அமர்த்திய கையோடு பிழை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

"பேலியகொடையிலை பாலத்தடியிலை நெரிசலாம். வரும், பொறுங்கோ."

இராமருக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. விடாமல் அமர்த்தினார். எண்ணிக்கையெல்லாம் பறந்துவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் யாரோ ஒரு பெண் சிங்களத்தில் கெஞ்சுகிற சத்தம் கேட்டது. அடுத்த கடுதாசி வந்தது.

"உங்களுக்குச் சுகமில்லையோ?"

இரண்டுதரம்.

அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. சரோஜினிதேவி அங்கே உட்கார்ந்து யோசிக்கிறார் என்று இராமருக்குத் தெரிந்தது. யோசியம்மா, யோசி என்று பிரின்டரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு கையும் பிரின்டரின் விலாவைப் பிடித்திருந்தன.

"அங்கை சுற்றிவளைப்போ?"

ஒருதரம்.

உடனே அடுத்தது வந்தது. "ஐயோ, உங்கடை ஐடென்டிகாட் இஞ்சையெல்லோ கிடக்கு. கையிலை ஒண்டுமில்லையோ?"

ஒருதரம்.

பிறகு வந்த கடுதாசியில் ஒரே வரி. "நான் கொண்டு வரட்டோ?"

இராமர் அதை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் விளங்கியது. யாழ்ப்பாணத்துப் பெண், தனிப்பெண். அட்டையில் பிறந்த இடம் சண்டிலிப்பாய். வெள்ளவத்தையில் பதிந்தவர் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்புக்குள் நுழைகிறார், கைப்பையில் இன்னொருவனுடைய அடையாள அட்டை. ஏன், எதற்கு, யார் இவன், உனக்கு என்ன உறவு? அந்தக் கேள்விகளுக்கு அவரிடம் என்ன பதில் இருக்கும்? முகம்கூடப் பார்த்ததில்லை என்றால் எவன் நம்புவான்?

பொத்தானை அமர்த்தினார். லைட் நூர்ந்தது. எண்ணினார். எரியவிட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் அது ஓம். வரச் சொன்னதாக ஆகிவிடும். அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இராமரின் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. ஒருவர் தனக்காகப் பஸ்ஸேறி ஊரைக் கடந்து வருவது எப்படி இருக்கும் என்று, மூச்சு விடும் நேரம்தான், நினைத்துப் பார்த்தார். பக்கத்துக் கதவில் துவக்குப் பிடி இடித்தது. இரண்டாந்தரம் அமர்த்தினார்.

"சரி" என்று ஒரு சொல் வந்தது. அதையும் மற்றவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டு, கதவைத் தானே திறந்துவிட்டு நின்றார்.

"ஐடென்டிகாட் எக்க கோ?" அட்டை எங்கே என்று சிங்களத்தில் கேட்டவன் சின்ன வயதுக்காரன். கந்தோரில் இருக்கிறது மாத்தயா என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சலிப்போடு சொல்லிவிட்டுப் பஸ்ஸைக் காட்டினான்.

பொலிஸில் அடி விழவில்லை. அதைச் சொல்ல வேண்டும். வாங்கில் இடம் இல்லாமல் நிலத்தில் உட்கார வைத்தார்கள். பேர், ஊர், வேலை கேட்டார்கள். உனக்காக வந்து பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். கொம்பனி இருக்கிறது என்றார். ஆளைச் சொல் என்றார்கள். பகல் முழுவதும் வாசலில் மனைவிமாரும் தாய்மாரும் அக்காமாரும் அட்டையோடும் கடுதாசியோடும் வந்துகொண்டிருந்தார்கள். பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். வேண்டாம் என்று சொன்னவர் இவர்தான். ஆனாலும் ஒரு பெண் வாசலில் ஏறும்போதெல்லாம் இவருடைய தலை நிமிர்ந்தது. முகம் தெரியாதபடியால் வந்த எல்லோரும் அவராக இருக்கலாம்போல இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார், அவர் வேறொருவருடைய பெயரைச் சொன்னார். மெலிந்த ஒருவர் வந்தார், அவரும் அப்படியே. இருட்டியபிறகு யாரும் வரவில்லை.

மறுநாள் ஜயசேன அட்டையையும் மனேஜரின் கடிதத்தையும் கொண்டுவந்து மீட்டான். அந்தக் கந்தோர் நோனா நேற்று நீங்கள் ஸ்டோரில் இருக்கும்போதே கைப்பையும் குடையுமாகப் படி வரைக்கும் வந்துவிட்டு, ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்ததும் போய் உட்கார்ந்துவிட்டார் என்று லொறியில் போகும்போது சொன்னான். நல்லதாய்ப் போயிற்று, வந்திருந்தால் இரண்டு பேரை மீட்க வேண்டி வந்திருக்கும் என்று சிரித்தான். இராமரும் சிரித்தார்.

அடுத்த நாள் காலைச் சோதனைக் கடுதாசி வந்தது. அடியில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. பழையபடி ஒரே சொல் திரும்பத் திரும்ப. இராமர் ஒருதரம் அமர்த்துவார், உடனே லொறிக் கடுதாசிகள் வரத்தொடங்கும். ஒரு பிழையும் இல்லாமல் வேலை நடந்தது. கடுதாசியைப் புரட்டிப் பின்பக்கம்கூடப் பார்த்தார்.

யோசிக்க யோசிக்க ஒரே காரணம்தான் தோன்றியது. வருகிறேன் என்ற மனுஷியிடம் இரண்டுதரம் அமர்த்திவிட்டார். ஏன் என்று சொல்ல அந்தப் பொத்தானில் வழி இல்லை. உன் உதவி எனக்கு வேண்டாம், உன் வேலையைப் பார் என்று அவர் எடுத்திருக்கலாம். எடுத்தால் பிழை சொல்ல முடியுமா? ஒரு நாள் காரணமில்லாமல் பொத்தானை அமர்த்திப் பார்த்தார். "பேப்பர் முடிஞ்சுதோ?" என்று வந்தது. அண்ணை என்ற சொல் அதில் இல்லை. இரண்டுதரம் அமர்த்திவிட்டுப் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் தனியாக இருந்த ஸ்டோர்தான். இப்போது அது பெரிதாகிவிட்டது.

சனிக்கிழமை லொறி கிடையாது. சேவ் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி இராமர் வெள்ளவத்தைக்குப் போனார். கந்தோரில் அரை நாள் வேலை. பலகை மறைப்புக்குப் பின்னால் கொம்பியூட்டருக்கு முன் ஒரு பெண் இருந்தார். நரை கலந்த பின்னல், தோளில் மடித்துப் போட்ட கைக்குட்டை. நிமிர்ந்து பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். இராமருக்கு அந்தக் குரல் புதிது. அவர் மனதில் வைத்திருந்த குரல் வேறு.

"ஸ்டோர்லேருந்து வாறேம்மா. இராமர்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லவும் இல்லை, தானும் உட்காரவில்லை.

இராமர் பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "அன்னைக்கு நான் ரெண்டு தடவ அமத்துனது ஒங்கள வேணாம்னு இல்லீங்கம்மா. வழியில ஒங்களப் புடிச்சிருவானுங்கன்னுதான். அதச் சொல்ல அதுல வழியில்ல. அதான் நேர்ல வந்தேன்."

சரோஜினிதேவி மேசை விளிம்பைப் பார்த்தபடி நின்றார். பக்கத்து மேசையில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்ததும் சொன்னார்.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கினது, அண்ணை. வாற எண்ணமெண்டால் உங்களைக் கேக்காமல் வந்திருப்பன். நீங்கள் வேண்டாமெண்டுதான் சொல்லுவியளெண்டு தெரிஞ்சுதான் கேட்டனான். ரெண்டாந்தரமும் லைட் நூந்தோடனை எனக்கு மனம் ஆறிப்போச்சு. பேந்து என்ன முகத்தோடை உங்களுக்கு எழுதுறது?"

இராமருக்கு இப்படி ஒரு பதிலுக்கு ஆயத்தம் இல்லை. கோபம் வருகிறதா என்று தன்னையே பார்த்தார், வரவில்லை. பயம் எல்லாருக்கும் உள்ளதுதானே என்றும், ஜயசேன சொன்னதுபோல் வந்திருந்தால் இரண்டு பேரல்லவா மாட்டியிருப்போம் என்றும் சொன்னார். சரோஜினிதேவி தலையை ஆட்டினார். ஆனால் அந்தச் சொல்லோடு விடுகிற ஆளாக அவர் இல்லை.

"ஒண்டு கேக்கட்டோ? பொலிஸிலை இருக்கேக்கை, நான் வருவனெண்டு பாத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்வது சுலபம். அவருக்கும் அது நிம்மதி, இவருக்கும் மரியாதை. இராமர் மறைப்புப் பலகையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "இருட்டுற வரைக்கும் பாத்தேன்."

சரோஜினிதேவியின் கண் கலங்கியதா என்று அவர் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பது சரியில்லை என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்ட்டு வாறேன் என்று சொல்லி வெளியே இறங்கினார். பின்னால் கொம்பியூட்டர் நாற்காலி தள்ளப்படும் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன.

பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது. சரோஜினிதேவி ஒன்றும் கேட்கவில்லை. இராமருக்குக் கேட்க எத்தனையோ இருந்தது, இப்போது வாயும் இருந்தது, எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. புறக்கோட்டை பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கத்தினான். இராமர் ஏறவில்லை. அது புகையை விட்டுக்கொண்டு போனபிறகு சரோஜினிதேவி அவரைப் பார்த்தார்.

"அடுத்ததிலை போகலாம்," என்றார்.